விஞ்ஞானச் சாளரம்: காற்றுக்கு அஞ்சும் விளக்கு, காற்றை அறியும் கருவி

நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் சென்ற திங்கள் நமக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். அதன் சாரம் வருமாறு: "மின்கம்பியின்மேல் பிளாஸ்டிக் உறை இட்டிருப்பது மின்சாரம் நம் உடம்பில் பாயாதிருப்பதற்காக என்று நாங்கள் பள்ளியில் படித்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகனோ, மின்சாரம் பாயும் பிளாஸ்டிக்கைக் கண்டவர்களுக்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள் என்கிறான். அதிலிருந்து விளக்கும் செய்கிறார்களாம். கெட்டுப்போன மீனைக் காட்டிக்கொடுக்கும் தாளும் செய்கிறார்களாம். இவற்றுள் எது மெய்? இரசாயனம் படிப்பேன் என்று அவன் நிற்கிறான். அதில் என்ன பயன் என்று அவன் தகப்பனார் கேட்கிறார். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

கடிதத்தில் வினாக்கள் இரண்டு. முதல் வினாவுக்கு விடை சுருக்கமானது: தாய் படித்ததும் மெய், மகன் படிப்பதும் மெய். அஃது எவ்வாறு என்பதை முதலில் ஆராய்வோம். இரண்டாம் வினாவுக்கு அதன் பின்னர் வருவோம்.

சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலியாக அமைந்த பொருளுக்குப் பாலிமர் என்று பெயர். நாம் பால் வாங்கிவரும் பாலித்தீன் பை அவ்வினத்தைச் சேர்ந்தது. அதன் சங்கிலியில் வரிசையாக நிற்கும் கரியணுக்கள் ஒற்றைப் பிணைப்புகளால் பிணைந்துள்ளன. அப்பிணைப்புகளில் உள்ள எலெக்ட்ரான்கள் தத்தம் இடத்தை விட்டு அசைவதில்லை. மின்சாரம் என்பது எலெக்ட்ரான்களின் ஓட்டமே ஆதலின், ஓட்டமில்லாத பாலித்தீனில் மின்சாரமும் இல்லை.

ரயில்வே அலுவலகத்தில் காலங்கழிக்கும் நமக்கு எளிதில் தோன்றும் உவமை ஒன்று உண்டு. முற்காலத்து ரயில்பெட்டிகளில் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே வழி இராது. அவரவர் ஏறிய அறையிலேயே அடைந்து கிடக்க வேண்டும். பாலித்தீன் அத்தகைய வண்டி. மற்றொரு வகைச் சங்கிலி உண்டு. அதில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும். இது உள்வழியால் இணைக்கப்பட்ட வண்டி. முதற்பெட்டியில் ஏறியவர் கடைசிப் பெட்டி வரையில் நடந்தே செல்லலாம். ஆயினும், விடுமுறைக் காலத்து வண்டியைப் போல் நடைவழியிலும் ஆட்கள் நெருங்கி நின்றால், வழி இருந்தும் நகர முடியாது. அந்நெருக்கத்தில் ஒருவர் இறங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர் நகர்வார். அவர் விட்ட இடத்துக்கு இன்னொருவர் நகர்வார். ஆட்கள் ஓரடி ஈரடியே நகர, அந்த வெற்றிடம் மட்டும் வண்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்ச் சேரும். அயோடின் போன்ற ஒரு பொருளை இச்சங்கிலியோடு சேர்த்தால் அது சில எலெக்ட்ரான்களைப் பறித்துக்கொள்கிறது. உண்டான வெற்றிடங்கள் நகர்கின்றன, மின்சாரம் பாய்கிறது. இவ்வாறு சிறிதளவு அன்னியப் பொருளைச் சேர்ப்பதற்குக் கலப்பூட்டல் என்பது பெயர்.

இவ்வகைப் பொருள் நேற்றுப் பிறந்ததன்று. 1862-ஆம் ஆண்டில் இலண்டனில் ஹென்றி லெதபி என்னும் இரசாயனப் பேராசிரியர், சாயத்தொழிலில் பயன்படும் அனிலினைக் கந்தக அமிலத்தில் கரைத்து, அதனூடே மின்சாரத்தைச் செலுத்தினார். பிளாட்டினத் தகட்டின்மேல் கருநிறப் படலம் ஒன்று படிந்தது. இன்று பாலியனிலின் என்று வழங்கும் பொருள் அதுவே. 1963-இல் ஆஸ்திரேலியாவில் வைஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும் பாலிபைரோல் என்னும் மற்றொரு பாலிமரில் மின்சாரம் நன்கு பாய்வதைக் கண்டு எழுதினர். அன்று அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே.

உலகம் திரும்பிப் பார்த்தது ஜப்பானில் நிகழ்ந்த ஒரு தவறுக்குப் பின்னர். 1967-இல் தோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிதேகி ஷிராகாவா என்பவர் அசெட்டிலீன் வாயுவிலிருந்து பாலிமர் செய்யும் முறையை ஆராய்ந்து வந்தார். அங்கு வந்திருந்த கொரிய நாட்டு ஆய்வாளர் ஒருவர், சேர்க்க வேண்டிய வினையூக்கியைப் போல் ஆயிரம் மடங்கைச் சேர்த்துவிட்டார். வழக்கமாகக் கிடைக்கும் கரும்பொடிக்குப் பதிலாக வெள்ளித்தாள் போல மினுமினுக்கும் ஏடு ஒன்று கலத்தில் படிந்தது. ஷிராகாவா அதனைக் கழுவி எறிந்துவிடவில்லை. அது ஏன் அவ்வாறு வந்தது என்று ஆராய்ந்து, விரும்பியபோதெல்லாம் செய்யக் கற்றுக்கொண்டார். 1975-இல் ஜப்பானுக்கு வந்த ஆலன் மெக்டயர்மிட் அந்த ஏட்டைக் கண்டு வியந்து, ஷிராகாவாவை அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். அங்கே பௌதிகப் பேராசிரியர் ஆலன் ஹீகரும் சேர்ந்துகொண்டார். 1976-இல் அவர்கள் அந்த ஏட்டுக்கு அயோடின் ஆவியை ஊட்டினர். அதன் மின்கடத்தும் திறன் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. 1977-இல் செய்தி அச்சேறிற்று. 2000-ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு அம்மூவர்க்கும் கிடைத்தது.

ஆயினும் அந்த வெள்ளி ஏடு எந்தக் கடைக்கும் விற்பனைக்கு வரவில்லை. காரணம் காற்று. மாறிமாறி அமைந்த இரட்டைப் பிணைப்புகளில் எலெக்ட்ரான்கள் தளர்ந்திருக்கின்றன. அயோடின் கேட்டால் எளிதில் கொடுத்துவிடும் அச்சங்கிலி, காற்றிலுள்ள பிராணவாயு கேட்டாலும் கொடுத்துவிடுகிறது. அவ்வாறு கொடுத்த இடத்தில் சங்கிலி சிதைகிறது. சன்னலைத் திறந்துவைத்துப் பயணம் செய்தால் காற்றும் வரும், புழுதியும் வரும்; காற்றை மட்டும் உள்ளே விட ஒரு வழியும் இல்லை. மின்சாரத்தைப் பாயவிடும் அந்தத் தளர்ச்சியே பொருளின் அழிவுக்கும் வாயிலாகிறது. வாசகர்கள் இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இனி நாம் கூறப்போகும் விளக்கின் கதையும் மோப்பக் கருவியின் கதையும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் விளக்கு. 1989-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்துக் கேவண்டிஷ் ஆராய்ச்சிக்கூடத்தில் ரிச்சர்டு பிரெண்டு, டோனல் பிராட்லி, ஜெரமி பரோஸ் ஆகியோர் பாலிபினைலீன்வினைலீன் என்னும் பாலிமரின் மின்குணங்களைச் சோதித்து வந்தனர். பெயர்தான் நீளமே தவிர, பொருள் மெல்லிய மஞ்சள் நிறப் படலமே. தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே கனமுள்ள அப்படலத்தை இரு மின்வாய்களுக்கு இடையே வைத்து மின்சாரம் செலுத்தியபோது, அது பசுமஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்தது. 1990-இல் இச்செய்தி வெளியாயிற்று.

அது ஒளிரும் விதம் வருமாறு. ஒரு பக்கத்து மின்வாய் எலெக்ட்ரான்களை உள்ளே அனுப்புகிறது. மறுபக்கத்து மின்வாய் எலெக்ட்ரான்களை வெளியே இழுத்து, வெற்றிடங்களை உண்டாக்குகிறது. இரண்டும் எதிரெதிராக நகர்ந்து சங்கிலியில் ஓரிடத்தில் சந்திக்கின்றன. எலெக்ட்ரான் வெற்றிடத்தில் விழுகிறது. விழும்போது இழக்கும் சக்தி ஒளியாக வெளிப்படுகிறது. விழும் உயரம் மாறினால் நிறமும் மாறும். சங்கிலியின் பக்கக் கிளைகளை இரசாயன முறையில் மாற்றி, சிவப்பு, பச்சை, நீலம் என வேண்டிய நிறத்தைப் பெறலாம். பழைய குண்டு விளக்கைப் போலக் கம்பி பழுக்கக் காய வேண்டுவதில்லை.

முதன்முதல் செய்த அந்த விளக்கு மிக மங்கலானது. உட்செலுத்திய எலெக்ட்ரான்கள் 2,000-க்கு ஓர் ஒளித்துகள் என்ற அளவிலேயே அது ஒளி தந்தது. எனினும் அறிஞர்கள் அதனைப் பெரிதாக எண்ணியதற்குத் தக்க காரணம் இருந்தது. தக்க பக்கக் கிளைகளைப் பொருத்திவிட்டால் பாலிமரைத் திரவத்தில் கரைத்து மைபோல் ஆக்கலாம். மையானால் அச்சிடலாம். செய்தித்தாள் அச்சிடுவது போல விளக்கையும் திரையையும் மைல் கணக்கில் அச்சிட்டுச் சுருட்டிவைக்கும் காலம் வரும் என்று அன்று பலர் நம்பினர்.

அந்நம்பிக்கை எவ்வளவு நிறைவேறிற்று என்பதை உள்ளபடி கூறுவது நம் கடமை. 2002-இல் பிலிப்ஸ் நிறுவனம் மின்சவரக் கருவி ஒன்றின் சிறு திரையில் ஒளிரும் பாலிமரைப் பயன்படுத்தி விற்பனைக்கு விட்டது. ஆனால் இன்று நம் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் கைப்பேசிகளில் 'ஓலெட்' என்று விளம்பரம் செய்யப்படும் திரைகள் மிகப் பெரும்பாலும் பாலிமரால் ஆனவை அல்ல. அவை சங்கிலியாகக் கோக்கப்படாத சிறு மூலக்கூறுகளை வெற்றிடக் கலத்தில் ஆவியாக்கிப் படியவைத்துச் செய்யப்படுபவை. அம்முறையை 1987-இல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவில் கோடக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்னும் இருவர். பிறப்பால் சிறு மூலக்கூறும் பாலிமரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் போன்றவை. ஒளிரும் முறை இரண்டுக்கும் ஒன்றே. கைப்பேசிப் பந்தயத்தில் இதுவரை முந்திச் சென்றது சிறு மூலக்கூறே.

காற்றுப் பகை இவ்விரண்டுக்கும் பொது. பிராணவாயு இரட்டைப் பிணைப்பைத் தாக்கினால் அவ்விடம் ஒளி இழக்கிறது. நீராவி நுழைந்தால் எலெக்ட்ரானை அனுப்பும் உலோகப் படலம் அரிக்கப்பட்டு, திரையில் கரும்புள்ளிகள் தோன்றிப் பரவுகின்றன. ஆதலின் இத்திரைகளை மூடிக்காப்பதே ஒரு தனிக் கலையாகிவிட்டது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நாளைக்கு ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் நீராவி நுழையலாகாது என்பது பொறியியலார் வைத்துள்ள அளவு. கண்ணாடியால் மூடினால் இது எளிது. வளையும் பிளாஸ்டிக் தாளால் மூடுவது அரிது. சுருட்டி வைக்கும் மலிவான அச்சுத்திரை நம் வீடுகளுக்கு இன்னும் வாராமைக்கு இதுவும் ஒரு பெருங்காரணம்.

இனி மோப்பக் கருவி. விளக்குச் செய்வோர் காற்றை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகின்றனர். மோப்பக் கருவி செய்வோர் கதவைத் திறந்துவைத்துக் காற்றை வரவேற்கின்றனர். தன்மேல் படும் பொருளுக்கேற்ப மாறிவிடும் சுபாவம் ஒரு பொருளுக்கு இருந்தால், அம்மாற்றத்தை அளந்து, வந்த பொருள் இன்னது என்று ஊகிக்கலாம் அல்லவா?

இலண்டன் பேராசிரியர் கண்ட பாலியனிலினையே எடுத்துக்கொள்வோம். அமிலம் சேர்ந்த நிலையில் அது பச்சை நிறமாக இருக்கும், மின்சாரத்தையும் கடத்தும். அம்மோனியா போன்ற காரப்பொருள் பட்டால் அமிலத்தை அது பறித்துக்கொள்ள, பச்சை நீலமாகும், மின்சாரம் தடைப்படும். மீண்டும் அமிலத்தைக் காட்டினால் பழைய நிலைக்குத் திரும்பும். முற்றும் பச்சையான நிலைக்கும் முற்றும் நீலமான நிலைக்கும் இடையே மின்கடத்தும் திறன் பல கோடி மடங்கு வேறுபடுகிறது. ஆதலின் சிறிதளவு அம்மோனியா வந்தாலும் அளவுமானியின் முள் அசையும்.

இதன் பயனை எண்ணிப் பாருங்கள். பனிக்கட்டி ஆலைகளிலும், உருளைக்கிழங்கைச் சேமிக்கும் குளிர்க்கிடங்குகளிலும் குளிரூட்டுவதற்கு அம்மோனியா வாயுவே பெரும்பாலும் பயன்படுகிறது. குழாய் கசிந்தால் உள்ளே வேலை செய்யும் தொழிலாளியின் கண்ணும் நுரையீரலும் பாழாகும். கசிவு மிகுந்தால் உயிரும் போகும். மூக்கு நாற்றத்தை உணரும் என்பது உண்மையே. ஆனால் ஆள் இல்லாத அறையில் மூக்கும் இல்லை. இரவெல்லாம் விழித்திருந்து காவல் புரியும் ஒரு சிறு படலத்தின் அருமை அங்கேதான் தெரியும்.

சகோதரி குறிப்பிட்ட மீனும் இவ்வழியிலேயே வருகிறது. மீன் கெடத் தொடங்கும்போது நுண்கிருமிகள் அதன் தசையைச் சிதைக்க, அம்மோனியாவும் அமீன் என்னும் காரப்பொருள்களும் வெளிப்படுகின்றன. 2012-இல் இந்தோனேசிய ஆய்வாளர்கள் மீன் பொதியினுள் பாலியனிலின் படலத்தை ஒட்டிவைத்து, மீன் கெடக்கெட அப்பச்சைப் படலம் மயில்நீலமாக மாறுவதைக் காட்டினர். பனிக்கட்டியில் பொதித்த மீன்கூடைகள் வண்டி தாமதத்தால் பார்சல் மேடையில் காத்துக்கிடப்பதை நாம் அலுவலில் காண்கிறோம். கடற்கரையை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வாழும் நம் இல்லங்களுக்கு, மீன்காரர் சொல்லும் சத்தியத்தைவிட அத்தகைய வில்லை ஒன்று பெரிதும் பயன்படும்.

ஒளியும் மோப்பமும் ஒன்றாகக் கூடிய கருவி ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டிமதி ஸ்வேகர் என்னும் இரசாயனப் பேராசிரியர் 1998-இல் தம் துணைவர் யாங்குடன் சேர்ந்து, ஒளிரும் பாலிமர் ஒன்றால் டி.என்.டி. என்னும் வெடிமருந்தின் ஆவியைக் கண்டறியலாம் என்று காட்டினார். பாலிமரின்மேல் ஒளியைப் பாய்ச்சினால் அது தானும் ஒளிரும். ஒளிர்வதற்குரிய சக்தி சங்கிலியின் வழியே நெடுந்தூரம் அலைந்து திரியும். வழியில் எங்கேனும் ஒரு டி.என்.டி. மூலக்கூறு ஒட்டியிருந்தால் அச்சக்தி அங்கே பறிபோகும்; ஒளி அவியும். ரயிலில் எந்தப் பெட்டியில் எவர் அபாயச் சங்கிலியை இழுத்தாலும் வண்டி முழுதும் நின்றுவிடுவது போல, ஒரு மூலக்கூறு தொட்டால் நீண்ட சங்கிலி முழுதும் ஒளி குன்றுகிறது. இந்த அடிப்படையில் அமைந்த 'பைடோ' என்னும் கையடக்கக் கருவி ஈராக்கில் புதைத்து வைத்த வெடிகளைத் தேடுவதற்குப் பயன்பட்டது. மோப்ப நாய்க்கு வைக்கும் பெயரையே அதற்கும் வைத்தனர். அங்கே ஒரு விளக்கு மங்குவது ஒரு மனிதனின் கால் தப்புவதாகும்.

இக்கருவிகளிடத்தும் குறை இல்லாமல் இல்லை. எல்லோரையும் வரவேற்கும் வீட்டில் விருந்தினர் யார், வழிப்போக்கர் யார் என்று தெரிவதில்லை. பாலியனிலின் அம்மோனியாவுக்கு அசைவது போலக் காற்றின் ஈரத்துக்கும் ஓரளவு அசைகிறது. மழைக்காலத்தில் ஓர் அளவும் கோடையில் ஓர் அளவும் காட்டினால் அதனை நம்புவது எங்ஙனம்? நாட்பட்ட படலம் புதிய படலத்தைப் போல் விடையளிப்பதுமில்லை. இதற்கு ஒரு பரிகாரம், வெவ்வேறு சுபாவமுள்ள பல படலங்களை வரிசையாக வைத்து, அவை சேர்ந்து தரும் விடையைக் கணிப்பொறியால் ஒப்பிடுவது. இத்தகைய செயற்கை மூக்கின் கருத்தை 1982-இல் இங்கிலாந்தில் கிருஷ்ண பெர்சாடு, ஜார்ஜ் டாட் இருவரும் வேறு வகை உணரிகளைக் கொண்டு வெளியிட்டனர். மின்கடத்தும் பாலிமர்கள் பின்னர் அதில் இடம்பெற்றன.

நம் நாட்டிலும் இத்துறையில் நற்பணி நடந்துள்ளது. புதுதில்லித் தேசியப் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தில் பன்சி மல்ஹோத்ராவும் அவர் குழுவினரும், பாலியனிலின், பாலிபைரோல் படலங்களில் நொதிப்பொருள்களைப் பதித்து, இரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு முதலியவற்றை அளக்கும் உணரிகளை ஆராய்ந்துள்ளனர். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி நிலையத்தில் கே. எஸ். நாராயணும் அவர் குழுவினரும், இஸ்ரேல் நாட்டு அறிஞருடன் சேர்ந்து, 2014-இல் வியப்புக்குரிய ஒன்றை வெளியிட்டனர். ஒளியை உணரும் உறுப்புகள் இன்னும் வளராத கோழிக்கருவின் விழித்திரையை எடுத்து, ஒளிபட்டால் மின்னூட்டம் பெறும் பாலிமர் படலத்தின்மேல் வைத்தனர். ஒளி பட்டது, பார்வையற்ற அவ்விழித்திரையின் நரம்புகள் துடித்து விடையளித்தன. இது ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டதே அன்றி, கண்ணிழந்த மனிதர்க்கு உரிய வைத்தியமாக இன்னும் வளரவில்லை. ஆயினும் திசை தெரிகிறது.

இப்போது சகோதரியின் இரண்டாம் வினா. பயன் உண்டா?

உடனே கைமேல் பயன் வேண்டுவோர்க்கு இத்துறை ஏற்றதன்று. லெதபியின் கருநிறப் படலம் முதல் நோபல் பரிசு வரையில் 138 ஆண்டுகள் சென்றன. பரிசு பெற்ற பொருளே விற்பனைக்கு வரவில்லை. வந்தவையும் நம் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் அமர்ந்துள்ளன. கணிப்பொறியின் உட்பலகையில் உள்ள சில மின்தேக்கிகளில் இன்று மின்கடத்தும் பாலிமர் இருப்பதை எத்தனை பேர் அறிவர்? இவற்றை மறைத்து மகனுக்கு ஆசை காட்டுவது நேர்மையாகாது.

மற்றொரு பக்கமும் உண்டு. மூவருள் ஒருவரான மெக்டயர்மிட் 1927-இல் நியூசிலாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பதினாறாம் வயதில் பள்ளியை விட்டு, வெல்லிங்டன் நகரத்துக் கல்லூரியின் இரசாயனப் பகுதியில் துப்புரவும் எடுபிடியுமான வேலையில் அமர்ந்தார்; எஞ்சிய நேரத்தில் அங்கேயே மாணவராகப் பயின்றார். கலங்களைக் கழுவிய கை அது. அதனால்தான் போலும், பிறர் கலத்தில் படிந்த வெள்ளி ஏட்டின் அருமை அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி உத்தியோகம் ஏற்ற நம் போன்றோர்க்கு அவர் வரலாறு ஒருவகை ஊக்கம் தருகிறது.

இரசாயனம் மட்டும் படித்தவரால் இவ்விளக்கு எரியவில்லை. பௌதிகம் மட்டும் படித்தவராலும் எரியவில்லை. காற்றுப் புகாமல் மூடும் வேலையோ இன்றளவும் எஞ்சினீயர்களை நோக்கிக் காத்திருக்கிறது. ஆகவே மகன் விரும்பிய இரசாயனத்தையே படிக்கட்டும் என்பது நம் கருத்து. பௌதிகத்தைப் பகையாக எண்ணாமல் அதனையும் கற்கட்டும். சமையலறையில் அவன் செய்யும் சோதனை ஒன்று பிழைத்துப்போனால் தாயார் பாத்திரத்தை உடனே துலக்கிவிட வேண்டா. படிந்தது என்ன என்று அவன் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். தகப்பனாருக்கு ஒரு வார்த்தை: பயன் இல்லை என்று தள்ளிய குணமே வேறோர் இடத்தில் உயிர் காக்கும் குணமாக நிற்பதை மேலே கண்டோம். பிள்ளைகளின் நாட்டங்களை அளக்கும்போதும் அதனை நினைவிற் கொள்வது நலம்.

பனிக்கட்டி ஆலையில் அம்மோனியா எவ்வாறு குளிரூட்டுகிறது என்பதை அடுத்த திங்கள் ஆராய்வோம். அன்பர்கள் தம் வினாக்களை வழக்கம்போல் சங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்புக.